62 சென்டிமீட்டர் புக்கிட் தீமா

காலை நிகழ்ச்சியில் ஒருமுறை, "சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன பொருள் எது?" என்று நேயர்களிடம் கேட்டேன். சைக்கிள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். அதற்கு அடுத்து அடிக்கடி வந்த பதில் பொம்மை ரயில். அழைத்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப காசு இருக்கும்மா. வைக்கத்தான் இடம் இல்ல."

நியாயமான பேச்சு. நாலறை வீவக வீட்டில் ரயில் பாதைக்கு மேசை போட்டால், இஸ்திரி போடும் பலகையை எங்கே நிறுத்துவது? தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்?

ரயில் பிரியர்கள் இதற்கு வெகு நாளைக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். முழுப் பாதையையும் ஒரே ஆள் கட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டு கட்டலாம், சேரும் நாளில் இணைத்துக்கொள்ளலாம். 1970களில் கலிஃபோர்னியாவில் 'என்டிராக்' என்ற பெயரில் இதற்குப் பொதுவான அளவுகளை வகுத்தார்கள். பின்னால், ஜப்பானில் செய்திருந்த சின்னச் சின்ன ரயில் பலகைகளைப் பார்த்து 'டி-டிராக்' என்ற இன்னும் எளிய முறை வந்தது. சாப்பாட்டு மேசைமேலேயே வைத்து ஓட்டலாம். ஒரு பலகையின் நீளம் 308 மில்லிமீட்டர். இரட்டைப் பலகை என்றால் 618. வேலை முடிந்ததும் புத்தக அலமாரியில் படுக்கவைத்துவிடலாம்.

இதை 'மாட்யூல்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பலகை'. சென்ற ஆண்டு நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, சிங்கப்பூரில் ஓடி நின்றுபோன பழைய ரயில் பாதையை நான்கு பலகைகளில் செய்ய முடிவெடுத்தோம். ஒரு வீட்டுக்கு தஞ்சோங் பகார் நிலையம். ஒரு வீட்டுக்கு குவீன்ஸ்வே பக்கம். ஒரு வீட்டுக்கு புக்கிட் தீமா நிலையம். எங்கள் வீட்டுக்கு, அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே நிற்கும் இரும்புப் பாலம்.

சாலைக்கு மேலே ஏன் ஒரு பாலம்?

சிங்கப்பூரில் ரயில் பாதை 1903இல் திறக்கப்பட்டபோது, நகரத்தில் அது டேங்க் ரோட்டிலிருந்து கிளம்பியது. தரையோடு தரையாகப் போன பாதை. சாலையைக் கடக்கும் இடங்களில் ரயில் போகும்வரை மற்ற வண்டிகள் காத்திருக்க வேண்டும். ஊர் பெரிதாகப் பெரிதாக, மோட்டார் வண்டிகள் கூடக் கூட, அந்தக் காத்திருப்பும் நீண்டது. 1923இல் ஜொகூர் கடற்பாலத்தின் வழியாக ரயில் வரத் தொடங்கியதும் தீபகற்பத்தோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது. அதன்பின் பாதையையே மாற்றிப் போட்டார்கள். 1932இல் புதிய வழியும் தஞ்சோங் பகார் நிலையமும் திறக்கப்பட்டன. புதிய பாதை மேட்டில் ஏறிப் போனது. சாலைகளைப் பாலத்தின்மேல் கடந்தது. புக்கிட் தீமா வட்டாரத்தில் நிற்கும் இரண்டு பெரிய இரும்புப் பாலங்களும் அந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, அன்றைய ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச்செல்ல, கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. மறுநாள் முதல் ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றுகொண்டன. தண்டவாளங்களில் பெரும்பகுதியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். 24 கிலோமீட்டர் பாதை இப்போது மக்கள் நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் ஆன பசுமை வழி. இரும்புப் பாலங்கள் இரண்டையும் மட்டும் எடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் பிறப்பதற்குள் ரயில் போய்விட்டது. அந்தப் பாலத்தில் அவள் கண்டதெல்லாம் ஓடுபவர்களும் நாய் கூட்டி வருபவர்களும்தான். "இது ரயில் பாலம்" என்று சொன்னபோது, "அப்ப ரயில் எங்கே?" என்று கேட்டாள். பலகையில் எங்களுக்கு அந்தப் பாலம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

சத்தே குச்சியில் ஒரு பாடம்

பாலம் கட்டுவதற்கு முன்னால் அது எப்படி நிற்கிறது என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும். சத்தே குச்சிகளை அளவாக வெட்டி, ரப்பர் வளையத்தால் முனைகளைக் கட்டி ஒரு சதுரம் செய்தோம். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்து நசுங்கிவிடுகிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து தள்ளினால் அசைய மறுக்கிறது. சதுரத்துக்குள் மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்தால் அதுவும் இரண்டு முக்கோணங்களாகி நின்றுவிடுகிறது. சட்டகப் பாலத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு நிற்கும் அந்தப் பாலத்தில் ரயில் ஏறும்போது, மேல் சட்டம் அமுக்கப்படுகிறது, கீழ்ச் சட்டம் இழுக்கப்படுகிறது. நடுவில் உள்ள சாய்வுச் சட்டங்கள் பாரத்தைக் கைமாற்றி கைமாற்றி முனைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே கல்லும் காங்கிரீட்டுமாக நிற்கும் தாங்கு சுவர்கள் அதை வாங்கி மண்ணுக்குக் கொடுக்கின்றன.

இன்னொன்றும் அவளுக்குப் பிடித்துப்போனது. இரும்பு வெயிலில் நீளும். 40 மீட்டர் எஃகு, 20 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். அதனால் இப்படிப்பட்ட பாலங்களை ஒரு முனையில் இறுக்கமாகப் பிடித்துவைத்து, மறுமுனையில் கொஞ்சம் நகர இடம் விடுவார்கள். "பாலத்துக்கும் வெயில்ல சோம்பல் முறிக்கணும்" என்று அவள் தன் பாட்டிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

ஓரம் பொது, நடு நமது

இனி வேலைக்கு வருவோம். பிளைவுட்டில் 618 மில்லிமீட்டர் நீளத்துக்கு அடி திறந்த ஒரு பெட்டி. நான்கு மூலையிலும் திருகி உயர்த்தித் தாழ்த்தக்கூடிய போல்ட்டுகள். எந்த வீட்டு மேசையும் சமமாக இருப்பதில்லை என்பதால் இது முக்கியம். தண்டவாளம் கடையில் கிடைக்கும் ஜப்பானியத் தயாரிப்பு. இரண்டு பக்கமும் 186 மில்லிமீட்டர் நேர்த் தண்டவாளம், நடுவில் 248 மில்லிமீட்டர் பாலம். கூட்டினால் 620. பெட்டி 618தான். ஆகவே இரு ஓரங்களிலும் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பலகைகளைச் சேர்க்கும்போது மரத்தோடு மரம் மோதுவதற்கு முன்னால் தண்டவாளத்தோடு தண்டவாளம் கைகோத்துவிடும். அந்த இரண்டு மில்லிமீட்டரில் இருக்கிறது மொத்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம்.

வானொலிக்காரர்களுக்கு இது பழக்கமான ஒழுங்கு. மணி அடித்தால் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தில் நான் என்ன பேசினாலும், எந்தப் பாட்டைப் போட்டாலும், சரியான விநாடியில் முடித்து அடுத்தவர் கையில் கொடுத்தாக வேண்டும். பலகையும் அப்படித்தான். ஓரம் எல்லாருக்கும் பொது. நடு நம்முடையது.

டி-டிராக் விதிப்படி இரண்டு தண்டவாளங்கள் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். நம் பழைய பாதையோ ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் ரயில்கள் புக்கிட் தீமா நிலையத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத்தான் போக முடியும். அங்கே ஓட்டுநரும் நிலைய ஊழியரும் வளையத்தில் மாட்டிய 'டோக்கன்' ஒன்றைக் கை நீட்டி மாற்றிக்கொள்வார்கள். அது கையில் இருந்தால்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். இரண்டு தண்டவாளம் போட்டால் இந்தக் கதையே இல்லாமல் போய்விடும். நான்கு வீடும் கூடிப் பேசி, மற்ற அளவுகளையெல்லாம் வைத்துக்கொண்டு தண்டவாளத்தை மட்டும் ஒன்றாக்கினோம். அதற்கு விலை உண்டு. பொது விதிப்படி பலகை செய்திருக்கும் வேறு குழுவோடு எங்களால் சேர முடியாது. தெரிந்தே கொடுத்த விலை அது.

இன்னொரு சமரசமும் இருக்கிறது. எங்கள் அளவு 150க்கு 1. நம் ரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அதை 150ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். திருப்பிப் பெருக்கிப் பாருங்கள், 1.35 மீட்டர் வரும். ஆக எங்கள் தண்டவாளம் 35 சென்டிமீட்டர் பொய் சொல்கிறது. பாலமும் அச்சு அசல் நகல் இல்லை. 248 மில்லிமீட்டரை 150ஆல் பெருக்கினால் 37 மீட்டர் சொச்சம் வருகிறது. எல்லாவற்றையும் கையாலேயே செய்கிறவர்கள் இந்தப் பொய்களையும் தவிர்த்துவிடுவார்கள். வேலைக்குப் போய் வந்து, பிள்ளையின் தமிழ்ப் பாடம் பார்த்து, இரவு ஒன்பதரைக்கு மேல் பசை எடுக்கிற எங்களுக்கு இது போதும்.

சமையலறைக் கடை

பணம் போவது தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் ரயிலுக்கும்தான். மற்றதில் பாதி சமையலறையிலேயே இருக்கிறது.

மேட்டுக்கு, கட்டுமானத்தில் பயன்படுத்தும் நுரை அட்டை. கத்தியால் சரிவாகச் சீவி, அடுக்கி ஒட்ட வேண்டும். சூடான பசைத் துப்பாக்கி நுரையை உருக்கிவிடும். பள்ளிக்கூட வெள்ளைப் பசைதான் நல்லது. மேலே சுவர்ப் பூச்சு மாவைத் தடவி, காய்ந்ததும் செம்மண் நிறம் அடிக்கலாம். மரத்தடியில் உதிர்ந்து மக்கிய இலைச்சருகுக்கு, டீ வடிகட்டிய தூளைப்போல வேறு எதுவும் வராது. ஆனால் வாணலியில் ஈரம் துளியும் இல்லாமல் வறட்டி எடுக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அரைகுறையாகக் காய்ந்தால் பத்தாம் நாள் பூசணம் பூக்கும். லாலாங் புல்லுக்குத் தேங்காய் நார். அதைக் கொத்தாக நறுக்கி, பச்சையும் மஞ்சளும் தோய்த்து, குத்திக் குத்தி நட்டோம். வாழை இலைகள் தாளில் வெட்டியவை. காற்றில் கிழிந்த மாதிரி ஓரத்தைக் கத்தரிக்கும் வேலை மகளுக்கு.

தூவிய பொடிகள் நிற்க, வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட வேண்டும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே உருண்டு நிற்கும். மருந்துச் சொட்டுக் குழாயால் விட்டால் உள்ளே இறங்கிவிடும்.

பாலத்துக்கு நிறம் ஏற்றுவதற்கு ஸ்ப்ரே நன்றாக இருக்கும். ஆனால் தாழ்வாரத்தில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, கருப்பும் செம்பழுப்பும் மாறி மாறி ஒற்றினால் துருவும் பழமையும் வந்துவிடும். ஆணி வைத்த இடங்களில் துரு கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். தண்ணீர் தங்கும் இடம் அதுதானே.

பாலத்துக்குக் கீழே சாலை. வண்டிகள் போக 4.5 மீட்டர் உயரம் என்று கணக்குப் போட்டால், எங்கள் அளவில் 30 மில்லிமீட்டர். இரட்டை மாடிப் பேருந்து 29 மில்லிமீட்டர். நடுவே ஒரு மில்லிமீட்டர். கீழே தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தோம். உரசாமல் போனது. வீட்டில் எல்லாரும் கை தட்டினார்கள்.

"வடிகால் எங்க வைக்கப் போற?"

இதற்கெல்லாம் முன்பே, காகிதத்தில் படம் போட்டதும், என் கணவரின் தாய்மாமாவிடம் காட்டினோம். அவர் ரயில்வேயில் பாதை பராமரிக்கும் 'கேங்'கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வடிகால் எங்க வைக்கப் போற?" என்றார்.

"வடிகாலா, மாமா?"

"பாலம் நின்னுக்கும்மா. அது இரும்பு. ரெண்டு பக்கமும் மண்ணு. மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்? போகலன்னா சல்லிக்கு அடியில சேறாகும். சேறானா கட்டை எறங்கும். கட்டை எறங்குனா ரயிலு ஆடும். பாலத்துக்கு வர்றதுக்கு முன்னாலயே கதை முடிஞ்சிரும்."

நாங்கள் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாழ்நாள் முழுவதும் பாலத்துக்கு வெளியே இருந்த மண்ணைப் பார்த்தவர். சல்லியைக் கட்டைக்கடியில் இடித்து இறுக்குவது, தண்டவாள இணைப்பின் போல்ட்டைச் சுற்றி இறுக்குவது, லாலாங் வெட்டுவது, வடிகால் தூர்வாருவது. ஒரு நாள் செய்து முடிக்கிற வேலை இல்லை. மழை விட்டதும் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் பலகையின் இரு பக்கமும் மேட்டின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வடிகால் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் பலகையிலேயே நான் அதிக நேரம் செலவழித்த இடம் அது.

எந்த நாள்?

ரயில் காட்சி செய்கிறவர்கள் ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும். இது எந்த ஆண்டு, எந்த நாள்? வண்டி, உடை, விளம்பரப் பலகை எல்லாம் அதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது.

என் கணவருக்கு 2011 ஜூன் 30 வேண்டும். பாதையோரம் கூட்டம், கையசைப்பு, கேமரா. எனக்கு 1932 பிடித்திருந்தது. புது இரும்பு, நீராவி ரயில். மகளுக்கு இன்று இருப்பதுபோல வேண்டும். "நான் பார்த்ததைத்தான் நான் செய்ய முடியும்" என்றாள். அதுவும் சரிதான்.

மாமாவிடம் கேட்டோம். "கடைசி நாள்ல நான் இல்ல. அதுக்கு முன்னாலயே பென்ஷன் வாங்கிட்டேன். முதல் நாள்ல எங்கப்பாவுக்கே வேலை இல்ல. நடுவுல இருந்த நாளெல்லாம் யாரு செய்வா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் வானொலியில் திறப்பு விழாவையும் மூடு விழாவையும்தான் தேடி ஓடுகிறோம். ஒரு பாதை 79 ஆண்டுகள் இருந்தது என்றால், அதில் விழா நாள் இரண்டோ மூன்றோதான். மிச்சம் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் நாளும் வெறும் செவ்வாய்க்கிழமைகள். ரயில் தடம் புரளாமல் போனதால் செய்தியில் வராத நாட்கள்.

1980களில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. காலை பத்து மணி. கீழே சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை மாடிப் பேருந்து. மேலே பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு கேங் வேலை செய்கிறது. விசேஷம் எதுவும் இல்லை.

பதினொரு மில்லிமீட்டர் மனிதர்கள்

இந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் பதினொரு மில்லிமீட்டர். ஓர் அரிசியும் அரை அரிசியும். கடையில் பெட்டியாகக் கிடைக்கிறார்கள். கோட்டு போட்டவர், பெட்டி தூக்கியவர், குடை பிடித்த பெண், அஞ்சல்காரர். எல்லாரும் வெளுத்த நிறம். தலையில் துண்டு கட்டிய ஒருவரும் அந்தப் பெட்டியில் இல்லை.

நிறமில்லாத உருவங்களும் கிடைக்கும். அதை வாங்கி நாமே வர்ணம் பூசலாம். மகள் வர்ணப் புட்டிகளை வரிசையாக அடுக்கினாள். ஒன்றின்மேல் 'தோல் நிறம்' என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தாள். தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"யாரோட தோல்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளாகவே பழுப்பும் கொஞ்சம் சிவப்பும் ஒரு துளி கருப்பும் கலந்தாள். ஐந்து பேருக்கு ஐந்து விதமாகக் கலந்தாள். "வெயில்ல நிக்கிறவருக்கு ஜாஸ்தி."

மலாயாவின் ரயில் பாதைகளைப் போடவும் பராமரிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்தார்கள் என்பதைப் பள்ளியில் ஒரு வரியாகப் படித்திருக்கிறோம். யாழ்ப்பாணத் தமிழர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் வந்தார்கள் என்பது இன்னொரு வரி. பாலத்தை நான் எத்தனையோ முறை போய்ப் பார்த்திருக்கிறேன். இரும்பும் ஆணியும் தெரிகின்றன. கட்டைக்கடியில் சல்லி இடித்த கை எங்கேயும் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் நல்ல பராமரிப்பின் அடையாளம் என்பது வேறு விஷயம். ஆனால் அதனால்தான் அவர்கள் மறக்கப்படுகிறார்கள்.

உருவங்கள் நேராக நிற்பவை. வேலை செய்பவர் குனிய வேண்டும். என் கணவர் இடுப்பில் பாதி வெட்டி, வளைத்து, துளிப் பசை வைத்தார். ஐந்து பேரையும் வளைத்துவிட்டு மாமாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டார்.

"எல்லாரும் குனிஞ்சா எப்படி? ஒருத்தன் நிமிந்து நிக்கணும்" என்றார் மாமா. "அவன் வேலை செய்யக் கூடாது. ரயில் வருதான்னு மட்டும் பாக்கணும். அவன் பாக்கலன்னா மத்தவன் வீட்டுக்குப் போக முடியாது."

ஆறாவதாக ஒருவரைச் செய்தோம். கையில் சிவப்புத் துணி, இரண்டு மில்லிமீட்டர் காகிதம். மற்ற ஐவரும் தண்டவாளத்தைப் பார்க்க, அவர் மட்டும் வளைவின் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்தவர் பலகையில் இருக்கட்டும்

இன்னும் ஒரு ஆசை மிச்சம் இருந்தது. இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், குவீன்ஸ்வே பக்கம் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. தண்டவாளத்தோரம் மரத்தடியில் ஒரு சின்னச் சன்னிதி வைத்தால் எங்கள் பலகையே நிறைந்துவிடும் என்று எல்லாருக்கும் தோன்றியது. பார்க்க அழகாகவும் இருக்கும்.

ஆனால் அது அந்த இடம் இல்லை. பாலம் அப்பர் புக்கிட் தீமாவில். கோயிலின் கதை குவீன்ஸ்வேயில். 35 சென்டிமீட்டர் பொய்யை மன்னிக்கலாம். தண்டவாள அகலத்துக்கு நம் கையில் வேறு வழி இல்லை. ஒரு கோயிலைப் பல கிலோமீட்டர் தள்ளி வைப்பது அப்படி இல்லை. பலகையைப் பார்த்து வளரும் பிள்ளை அதை வரலாறு என்றே எடுத்துக்கொள்ளும்.

குவீன்ஸ்வே பலகை செய்யும் தோழியை அழைத்தேன். "அது எனக்கு உரியது, நீ தொடாதே" என்று சிரித்தாள். மரத்தடிக் கல்லும் மஞ்சள் துணியும் அவள் பலகையில் வந்துவிட்டன. எங்கள் பலகையில் அந்த இடத்தில் லாலாங் புல் மட்டும் இருக்கிறது. துண்டு துண்டாகச் செய்வதில் இருக்கும் நிம்மதி இதுதான். எல்லாவற்றையும் நாமே சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இல்லை. நாம் விட்டதை அடுத்தவர் சொல்வார். ஓரம் மட்டும் சேர வேண்டும்.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, நான்கு பலகைகளையும், பொதுவில் செய்துவைத்த வளைவுப் பலகைகளையும் ஒரு வீட்டு மேசைமேல் சேர்த்தோம். மூலை போல்ட்டுகளைத் திருகித் திருகிச் சமம் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. மாமாவுக்கு நாற்காலி போட்டோம். அவர் முதலில் குனிந்து வடிகாலைப் பார்த்தார். பிறகுதான் தலையாட்டினார்.

ரயிலை எவ்வளவு வேகமாக ஓட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எங்கள் அளவில் விநாடிக்கு ஏழரை சென்டிமீட்டர். 62 சென்டிமீட்டர் பலகையைக் கடக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகும். பிள்ளைகள் முதலில் பந்தயக் கார் மாதிரி ஓட்டினார்கள். பிறகு ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்து எண்ண, ரயில் மெல்ல வந்தது. சிவப்புத் துணிக்காரரைத் தாண்டியது. குனிந்த ஐவரைத் தாண்டியது. பாலத்தில் ஏறியது. எட்டு விநாடியும் அறையில் யாரும் பேசவில்லை. வானொலியில் எட்டு விநாடி மௌனம் என்றால் பொறியாளர் ஓடி வந்துவிடுவார். அங்கே அது நன்றாக இருந்தது.

நீங்களும் செய்யலாம். நம் பாதைதான் என்றில்லை. பேராக்கில் காராய் அருகே, 1900இல் கட்டி முடித்த விக்டோரியா பாலம் பேராக் ஆற்றின் மேல் நிற்கிறது. பக்கத்தில் புதுப் பாலம் வந்து ரயில் அதில் போகிறது. பழையதில் மக்கள் நடக்கிறார்கள். ஈப்போ, கோலகங்சார் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அடுத்த முறை போகும்போது அளந்து, படம் எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், பலகை செய்யத் தொடங்கும் முன்பே அவரிடம் காகிதத்தை நீட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

அப்பர் புக்கிட் தீமாவுக்குப் போனால், ஹில்வியூ எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கீழே சாலையோரம் நின்று அண்ணாந்து பாருங்கள். பாலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று தேடிப் பாருங்கள்.

என் மகள் இப்போது அடுத்த பலகைக்குப் படம் போட்டுவிட்டாள். அதே பாலம், அதே 618 மில்லிமீட்டர், ஆனால் இன்றைய நாள். ஓடுகிறவர்கள், சைக்கிள்கள், ஒரு நாய். ஓரத்தில் தண்டவாளம் சேர்ந்தாக வேண்டுமே, எங்கள் ரயில் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"ஒதுங்கி நிப்பாங்க, அம்மா. அது அதோட பாதைதானே."